வலிக்கலையே டாக்டர்!

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உழைக்கும் வடமாநிலத் தொழிலாளர்களிடம் கேட்டால் பல்லுக்கு ஒன்றுமில்லை என்பார்கள். பரிசோதனைத் தாள் வேறு கதை சொல்லும். இரண்டில் எது உண்மை?

விழுப்புரம் சாலையில் வில்லியனூரைத் தாண்டினால் அரியூர். அங்கே ஒரு பல் மருத்துவக் கல்லூரி. கடலூர் சாலையில் கிருமாம்பாக்கத்தை ஒட்டிப் பிள்ளையார்குப்பம். அங்கே இன்னொன்று. கோரிமேட்டில் அரசு நடத்தும் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் மூன்றாவது. முந்நூறு சதுர கிலோமீட்டர்கூடத் தேறாத புதுச்சேரிப் பகுதிக்குள் மூன்று இடங்களில் பல் டாக்டர்கள் உருவாகிறார்கள். அவற்றில் இரண்டு, வயலும் ஏரியும் சூழ்ந்த வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இருக்கின்றன.

சேதராப்பட்டு தொழிற்பேட்டை இருப்பதும் வில்லியனூர் கொம்யூனில்தான். கிருமாம்பாக்கம் தொழிற்பேட்டை பாகூர் கொம்யூனில். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம், உத்தரப் பிரதேசம் என்று பல ஊர்களிலிருந்து வந்த இளைஞர்கள் இங்கே ஷிஃப்ட் வேலை பார்க்கிறார்கள். கட்டட வேலை, ஓட்டல் வேலை, வாட்ச்மேன் வேலை என்று மற்ற இடங்களிலும் அவர்கள்தான். ஒரே ரூமில் பல பேராகத் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, மிச்சத்தை ஊருக்கு அனுப்புகிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அவர்கள் எல்லாருமே ‘பையா’.

கம்பெனிக்கும் கல்லூரிக்கும் நடுவே பஸ் உண்டு. கல்லூரியில் ஓ.பி. சீட்டுக்குப் பெரிய செலவும் இல்லை. ஆனாலும் முகம் வீங்காமல், தூக்கம் கெடாமல் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஏன் என்றால், “வலிக்கலையே” என்பதுதான் பதில். அந்தப் பதிலில் பொய் கிடையாது. வலி இல்லாமலே வாய் கெட்டுப்போக முடியும் என்பதுதான் சிக்கல்.

ஒரே தாளில் இரண்டு தீர்ப்பு

பல் பரிசோதனை முகாம் நடக்கும் விதம் பலருக்கும் பழக்கமானதுதான். பள்ளிக்கூட வராந்தாவிலோ கம்பெனி கேன்டீனிலோ வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். வெள்ளை கோட்டு போட்ட பயிற்சி டாக்டர்கள். ஸ்டீல் டிரேயில் வாய்க் கண்ணாடி, பஞ்சு, மெல்லிய கம்பிகள். முறையான கணக்கெடுப்பு என்றால், எடுத்த எடுப்பில் வாயைத் திறக்கச் சொல்ல மாட்டார்கள். படிவத்தோடு உட்கார்ந்திருப்பவர் முதலில் கேட்பார்: “உங்க பல்லும் ஈறும் எப்படி இருக்குன்னு நீங்க நினைக்கிறீங்க?”

இது பேச்சுக்குக் கேட்கும் கேள்வி அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2013-ல் வெளியிட்ட வாய்நலக் கணக்கெடுப்புக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் உள்ள கேள்வி. ‘மிகச் சிறப்பு’ என்பதில் தொடங்கி ‘மிக மோசம்’ என்பதுவரை விடைக் கட்டங்கள் இருக்கின்றன. ‘தெரியாது’ என்று சொல்லவும் ஒரு கட்டம் உண்டு. பல் துலக்க எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற கேள்வியில் பிரஷ்ஷோடு வேப்பங்குச்சி போன்ற குச்சிகளுக்கும் அடுப்புக்கரிக்கும்கூட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அந்த விடைகளை எழுதி முடித்த பிறகுதான் வாய். ஈறைச் சோதிக்கும் கம்பியின் நுனியில் அரை மில்லிமீட்டர் அளவில் ஓர் உருண்டை இருக்கும். நுனியிலிருந்து 3.5 மில்லிமீட்டரில் தொடங்கி 5.5 மில்லிமீட்டர்வரை கறுப்புப் பட்டை. பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் அதை மெல்ல விடுவார்கள். ஈறு நன்றாக இருந்தால் பட்டை முழுதாக வெளியே தெரியும். பட்டையில் ஒரு பகுதி மறைந்தால் ஈறு பல்லைவிட்டுக் கழன்று 4 முதல் 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பை விழுந்துவிட்டது என்று பொருள். பட்டையே கண்ணில் படாவிட்டால் ஆழம் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ. பார்க்கிறவர் பல்லின் எண்ணையும் குறியீட்டையும் சொல்லச் சொல்ல, பக்கத்திலிருப்பவர் கட்டங்களை நிரப்பிக்கொண்டே போவார். உட்கார்ந்திருப்பவருக்குக் கொஞ்சம் கூசும், அவ்வளவுதான்.

இப்படித்தான் ஒரே தாளின் மேல்பாதியில் ‘நன்று’ என்று டிக் விழுகிறது. கீழ்ப்பாதியில் சொத்தை, ரத்தக் கசிவு, ஈறுப் பை என்று எண்கள் நிரம்புகின்றன.

இதை வடமாநிலத் தொழிலாளர்களின் தனிக் குறையாக நினைத்துவிட வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு ஏதாவதொரு வாய்நோய் இருக்கிறது. அவர்களில் 4-ல் 3 பேர் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள். நிரந்தரப் பல்லில் வைத்தியம் பார்க்காத சொத்தையோடு இருப்பவர்கள் மட்டும் சுமார் 200 கோடி. இந்தியப் பல் மருத்துவ கவுன்சில் 2002-03-ல் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் 35 முதல் 44 வயதுக்காரர்களில் ஏறத்தாழ 10-ல் 8 பேருக்குப் பல் சொத்தை இருந்தது. அந்த எட்டுப் பேரும் நோயாளி என்று தங்களை நினைத்துக்கொண்டிருந்தால் நாட்டில் எந்தப் பல் மருத்துவமனையிலும் கால் வைக்க இடம் இருந்திருக்காது.

வலி நின்றால் நோய் நின்றதா?

பல்லின் வெளி ஓடான எனாமலில் நரம்பு கிடையாது. அதனால் சொத்தை அங்கே வேலையைத் தொடங்கும்போது ஒரு சமிக்ஞையும் வராது. அடுத்த அடுக்கைத் தொட்ட பிறகுதான் ஐஸ் தண்ணீருக்குக் கூசும், இனிப்புக்குச் சுரீர் என்னும். அப்போதும் மறுபக்கம் மென்றால் சமாளித்துவிடலாம். கரையான் அரித்த கதவைப் போல, மேலே ஊசிமுனைத் துளையும் உள்ளே பெரிய பொந்துமாகப் பல் நின்றுகொண்டிருக்கும்.

சொத்தை நடுவிலுள்ள நரம்புக் கூழைத் தொடும்போதுதான் அந்தப் பேர்போன வலி. இரவில் படுத்தால் விண்விண் என்று தெறிக்கும். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு, கிராம்பு, மெடிக்கலில் சொல்லி வாங்கிய வலி மாத்திரை என்று நாட்கள் ஓடும். பிறகு ஒருநாள் வலி தானாக நின்றுவிடும். மாத்திரை கேட்டுவிட்டது என்று ஆள் நிம்மதியடைவார். உள்ளே நடந்திருப்பது என்ன? நரம்பு செத்துவிட்டது. வலியைச் சொல்ல ஆளில்லை. கிருமிகள் வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அடுத்த தகவல் வீக்கமாகவோ சீழ்க்கட்டியாகவோதான் வரும்.

இதில் ஒரு விபரீதம் கவனிக்கத் தக்கது. நோய் முற்றும் நேரத்தில் வலி குறைகிறது. முந்தின வாரம் ‘மோசம்’ என்று சொல்லியிருக்கக்கூடிய அதே ஆள், இந்த வாரம் மனசாட்சியோடு ‘நன்று’ என்பார். டாக்டரின் தாளில் அவருடைய பல் ஒரு படி கீழே இறங்கியிருக்கும்.

ஈறு நோய் இதைவிட அமைதி. பல் இடுக்கில் சேரும் அழுக்குப் படலம் இறுகிக் காரையாகிறது. ஈறு சிவக்கிறது, துலக்கும்போது ரத்தம் கசிகிறது. பிரஷ் கடினம் போலிருக்கிறது என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் வைத்தியம். பல்லைத் தாங்கும் எலும்பு ஆண்டுக்கணக்கில் கரைந்து, பல் ஆடத் தொடங்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

டப்பாவில் வரும் ஆறுதல்

வடமாநிலத் தொழிலாளர்களின் வாய்க்கதையில் இங்குள்ளவர்களைவிடக் கூடுதலாக வரும் பாத்திரம் புகையிலை. 2016-17-ல் நடந்த பெரியவர்களுக்கான புகையிலைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஏதாவதொரு வடிவில் புகையிலை பயன்படுத்துவோர் புதுச்சேரியில் 11.2 சதவீதம். நாட்டிலேயே மிகக் குறைவான இடங்களில் ஒன்று. அதே கணக்கெடுப்பில் பீகார் 25.9, மேற்கு வங்கம் 33.5, ஜார்க்கண்ட் 38.9, ஒடிசா 45.6, அசாம் 48.2 சதவீதம். இந்த மாநிலங்களில் புகைப்பதைவிட மெல்லுவதும் அடக்குவதும்தான் அதிகம். உள்ளங்கையில் புகையிலையையும் சுண்ணாம்பையும் கசக்கி, தட்டி, கீழுதட்டுக்குள் ஒதுக்கும் கைனியைச் சேதராப்பட்டு டீக்கடை வாசலிலும் பார்க்கலாம்.

பல் துலக்கவே புகையிலை என்பது நம் ஊரில் பலருக்குப் புதிதாக இருக்கும். வட மாநிலங்களில் ‘குல்’ என்ற புகையிலைப் பொடி சின்ன டப்பாக்களில் விற்கிறது. ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் வெல்லப்பாகு சேர்த்த ‘குடாக்கு’ பசையை விரலில் எடுத்துப் பல்லிலும் ஈறிலும் தேய்ப்பார்கள். பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. ஆனால் காலையில் எழுந்ததும் குல் தேய்க்காவிட்டால் பல் துலக்கியதாகவே தோன்றாத வீடுகள் இன்னும் உண்டு. பல்வலி வந்தால் அவர்களின் கை முதலில் போவதும் அந்த டப்பாவுக்குத்தான். நோயைக் கொண்டுவரும் பொருளே மருந்தாகவும் இருந்தால், உடம்பு சொல்லும் சேதி எப்படிச் சரியாக வந்து சேரும்?

பீடி, சிகரெட் விஷயத்தில் இந்த மறைப்பு இன்னும் துல்லியமானது. நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் ஈறு நோய் உள்ளே நடந்துகொண்டிருந்தாலும் புகைப்பவருக்கு ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். சாதாரண ஆளை உஷார்ப்படுத்தும் ஒரே அடையாளமும் அங்கே இல்லாமல் போகிறது.

பாக்கு இன்னொரு பக்கம். குட்கா, பான் மசாலா, வெற்றிலை என எந்த ரூபத்தில் போனாலும், பாக்கு கன்னத்தின் உள்தோலை மெல்ல மெல்ல நார்போல இறுக்கக்கூடியது. முதலில் காரம் பட்டால் எரியும். வெளியூரில் சாப்பிடுகிறவர் அதை ஓட்டல் சாம்பார் மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பிறகு கன்னம் வெளுத்துக் கெட்டியாகும். வாய் திறக்கும் அகலம் குறையும். ஒருவரால் தன் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விட முடிகிறதா என்பதுதான் இதற்கான எளிய சோதனை. இந்த இறுக்கம் புற்றுநோயாக மாறக்கூடிய நிலைகளில் ஒன்று.

மருத்துவ உலகம் இந்த நோயை முதலில் அடையாளம் கண்டதும் புலம்பெயர்ந்தவர்களிடம்தான். 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த 5 இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார். மறு ஆண்டு பம்பாயைச் சேர்ந்த ஜோஷி இங்கேயே நோயாளிகளைப் பார்த்து விவரித்தார். ஊரைவிட்டுப் போனாலும் வாய்ப்பழக்கம் கூடவே போகும் என்பதற்கு எழுபது ஆண்டுக்கு முந்தைய சாட்சி அது.

கைனி ஒதுக்கும் இடத்தில் தோன்றும், புற்றுநோயாக மாறக்கூடிய வெண்படலமும் வலிக்காது. இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 1.43 லட்சம் பேருக்குப் புதிதாக உதடு, வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு சொல்கிறது. இந்திய ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான்.

பீகார் சொன்னது, கேரளம் சொன்னது

தன் உடம்பைப் பற்றித் தானே சொல்வதை எவ்வளவு நம்பலாம்? பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இந்தக் கேள்வியை 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுப்பினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்கள் பீகாரும் கேரளமும். அப்போது ஆயுள் எதிர்பார்ப்பில் கேரளம் நாட்டிலேயே முன்னால்; ஆனால் ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்று சொல்வோர் விகிதமும் அங்கேதான் மிக அதிகம். பீகாரில் ஆயுள் குறைவு. நோய் இருப்பதாகச் சொல்வோரும் குறைவு. அமெரிக்காவில் கேட்டால் கேரளத்தையும் மிஞ்சிவிடுகிறார்கள். படிப்பும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் வர வர, எதை நோய் என்று அடையாளம் காண்கிறோம் என்பதும் மாறுகிறது என்றார் சென். சுற்றிலும் எல்லாருக்கும் இருக்கும் கோளாறு யாருக்கும் கோளாறாகத் தெரிவதில்லை.

அவர் அடிக்கடி எடுத்துக்காட்டிய இன்னொரு கணக்கு 1944-ஐச் சேர்ந்தது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு கல்கத்தா அருகே சிங்கூரில் எடுத்த சுகாதார ஆய்வு. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம்தான். அந்தக் கால வங்கத்தில் எந்தப் பக்கம் நிலைமை மோசமாக இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. தன் நலத்தைப் பற்றி யோசிக்கவே உரிமையில்லை என்று பழக்கப்பட்டவர்கள் புகார் சொல்வதில்லை.

இதைக் கிருமாம்பாக்கம் முகாம் நாற்காலிக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். நாற்பது வயதுக்குள் அப்பாவுக்குப் பாதிப் பல் போனதைப் பார்த்து வளர்ந்த ஒருவர், தன் முப்பத்திரண்டு பல்லில் இரண்டு மட்டும் உடைந்திருக்கும்போது ‘நன்று’ என்று சொல்வது அவருடைய அளவுகோலில் சரியான விடை. வெற்றிலை மென்று மென்று பல் தேய்ந்த பாகூர்ப் பாட்டியைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்: “வயசானா பல்லு போவத்தானே செய்யும், தம்பி?”

ஊர் மாறினால் அளவுகோலும் மாறுகிறது. கனடாவில் புதிதாகக் குடியேறியவர்களை வந்த ஆறாவது மாதம், இரண்டாவது ஆண்டு, நான்காவது ஆண்டு என்று தொடர்ந்து சந்தித்த ஓர் அரசுக் கணக்கெடுப்பு 2001-க்கும் 2005-க்கும் இடையே நடந்தது. பல்லில் பிரச்சினை இருப்பதாகச் சொன்னவர்களின் எண்ணிக்கை காலப்போக்கில் கூடியது. காப்பீடு இல்லாதது, செலவு, உணவு மாற்றம் என்று பல் உண்மையிலேயே கெடக் காரணங்கள் உண்டு. புது ஊரின் கண்ணால் தன் வாயைப் பார்க்கப் பழகுவதும் அந்த எண்ணிக்கையில் கலந்திருக்கலாம்.

மேஸ்திரி மொழிபெயர்த்தால்

கேள்வி கேட்கும் இடமும் விடையைத் தீர்மானிக்கிறது. படிவம் தமிழில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கும். கேட்பவருக்கு அரைகுறை இந்தி. விடை சொல்பவருக்கு ஒடியாவோ சந்தாலியோ தாய்மொழி. நடுவில் மொழிபெயர்க்க வருபவர் பெரும்பாலும் காண்ட்ராக்டரின் ஆள் அல்லது மேஸ்திரி. நாளைக்கு வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற ஆளின் முன்னால் ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்று யார் சொல்வார்கள்?

கூலிக் கணக்கு அடுத்தது. கல்லூரி ஆஸ்பத்திரி ஓ.பி. நடப்பது பகலில், ஷிஃப்டும் பகலில். ஒரு சொத்தையை அடைக்க ஒரு நாள் போதும். ரூட் கெனால் என்றால் இரண்டு மூன்று தடவை போக வேண்டும், பிறகு கேப். போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும். பிடுங்கினால் ஒரே நாளில் முடிந்தது. காப்பாற்றக்கூடிய கடைவாய்ப் பல்லையும் பிடுங்கச் சொல்லித் தொழிலாளி கேட்பது இந்தக் கணக்கில்தான்.

சட்டம் இதில் என்ன செய்கிறது? வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்றே 1979-ல் வந்த சட்டம், மருத்துவ வசதி செய்துதர வேண்டிய பொறுப்பைக் காண்ட்ராக்டர் மேல் வைத்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அது கரைந்துவிட்டது. புதிய ஏற்பாட்டில் 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொருமுறை இலவச உடல் பரிசோதனை உண்டு. சேதராப்பட்டு ரூம்களில் இருப்பவர்களோ பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பையன்கள். கைனி வேரூன்றும் வயது அது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறவர்களுக்குப் பல் வைத்தியமும் உரிமைதான். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். ஆனால் காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பதிவு அறுந்து அறுந்து ஒட்டுகிற ஆளுக்கு அந்த உரிமை காகிதத்தில் நிற்கும். நாடு முழுவதும் செல்லுபடியாகும் ஆயுஷ்மான் பாரத் அட்டை, படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. அதில் தாடை எலும்பு முறிந்தால் வழியுண்டு, வாய்ப் புற்றுநோய் அறுவைக்கும் வழியுண்டு. புறநோயாளியாகப் போய்ச் சொத்தை அடைக்கவோ காரை எடுக்கவோ வழியில்லை.

கடல் கடந்த தமிழனுக்கும் இதே கதைதான். சிங்கப்பூரில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போன கட்டுமானத் தொழிலாளர்களுக்குக் குறைந்த செலவில் பல் வைத்தியமும் பார்க்கும் ‘ஹெல்த்சர்வ்’ என்ற தொண்டு நிறுவனம் 2006-ல் தொடங்கி இயங்கிவருகிறது. அங்கே பையாவின் இடத்தில் நாம் இருக்கிறோம்.

டாக்டரின் தாளிலும் விடுபடுவது உண்டு

அப்படியானால் டாக்டர் எழுதுவதே வேதம், தொழிலாளி சொல்வது அறியாமை என்று முடித்துவிடலாமா? முடியாது. பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஜொனாதன் பிராட்ஷா 1972-லேயே தேவைகளை வகை பிரித்தார்: நிபுணர் நிர்ணயிக்கும் தேவை, ஆள் உணரும் தேவை, வாய்விட்டுக் கேட்கும் தேவை, மற்றவரோடு ஒப்பிட்டால் தெரியும் தேவை. நான்கும் ஒரே இடத்தில் சந்திப்பது அபூர்வம்.

ஃப்ளூரோசிஸ் இதற்கு நல்ல உதாரணம். குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தரக் கட்டுப்பாடு. அதைத் தாண்டிய தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழும். பீகாரின் சில மாவட்டங்களில் இது சகஜம். அப்படி வந்த ஒருவர் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். தன் பல் ‘மிக மோசம்’ என்பார். டாக்டரின் கம்பிக்கு அங்கே சொத்தையே சிக்காமல் போகலாம். இங்கே தாள் ‘நன்று’ என்கிறது, ஆள் ‘மோசம்’ என்கிறார். பெண் பார்க்கப் போகும் வயதில் அந்தப் பழுப்பு அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்க டி.எம்.எஃப்.டி. எண்ணுக்குத் தெரியாது. சொத்தையான, இழந்த, அடைத்த பற்களைக் கூட்டிச் சொல்லும் அந்த எண் 1938-ல் பிறந்தது. எண்ணிக்கையைச் சொல்லும், வாழ்க்கையைச் சொல்லாது.

அந்தக் குறையை நிரப்பத்தான் வேறு கேள்வித்தாள்கள் வந்தன. முதியவர்களுக்கென்று 1990-ல் உருவான ‘கோஹாய்’ 12 கேள்விகளைக் கொண்டது. 1997-ல் ஸ்லேட் சுருக்கிக் கொடுத்த ‘ஓஹிப்-14’ உலகெங்கும் புழங்குகிறது. இவை ‘பல் எப்படி’ என்று பொதுவாகக் கேட்பதில்லை. சாப்பிடச் சிரமமா, பேச்சு குழறுகிறதா, நாலு பேர் முன்னால் சங்கடப்பட்டீர்களா, வழக்கமான வேலை கெட்டதா என்று கேட்கின்றன. எத்தனை பல் இருக்கிறது, எது ஆடுகிறது, எதை மெல்ல முடியவில்லை என்பதையெல்லாம் மக்கள் சரியாகவே சொல்கிறார்கள் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். சறுக்குவது சொத்தையின் தொடக்கத்திலும் ஈறு நோயிலும்தான். கண்ணுக்கும் வலிக்கும் எட்டாத இடங்கள் அவை.

ஆகவே இடைவெளியைப் பார்த்துத் தொழிலாளிக்குப் ‘பல் துலக்குவது எப்படி’ என்று துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டு வருவது பாதி வேலைகூட அல்ல. புகார் வந்தால் பார்ப்போம் என்று காத்திருக்கும் ஏற்பாடுதான் கோளாறு. புகாரே எழாத நோய்க்கு அது ஒருபோதும் முன்கூட்டிப் போய்ச் சேராது.

கேட்காமலே பார்ப்பது

முன்கூட்டிப் பார்த்தால் பலன் உண்டு என்பதற்கான ஆதாரம் தொலைவில் இல்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில் 13 பஞ்சாயத்துகளில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்தார்கள். ஒரு பகுதி பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய், மூன்றாண்டுக்கு ஒருமுறை வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள். ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, கண்தான் கருவி. முடிவு 2005-ல் லான்செட் இதழில் வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வலிக்கிறது என்று அவர்கள் சொல்லும்வரை அந்தப் பணியாளர்கள் காத்திருக்கவில்லை.

வில்லியனூர், பாகூர்ப் பகுதியில் இதற்கான ஆள்பலம் ஏற்கெனவே இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரிகளில் சமூகப் பல் மருத்துவத்துக்கென்றே துறைகள் உண்டு. முகாம் நடத்துவது பாடத்திட்டத்தில் ஒரு பகுதி. வில்லியனூர் கொம்யூனின் ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமப்புற சுகாதார நிலையம் இருக்கிறது. மாற வேண்டியது நேரமும் இடமும். ஷிஃப்ட் முடிந்த பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ, கம்பெனி வாசலிலோ ரூம்கள் உள்ள தெருவிலோ நாற்காலி போட வேண்டும். மேஸ்திரி பக்கத்தில் நிற்கக்கூடாது. இந்தி, ஒடியா, வங்காளம் தெரிந்த தொழிலாளி ஒருவரையே கேள்வி கேட்கப் பழக்கலாம். ‘பல் எப்படி’ என்று மட்டும் கேட்காமல், மூன்று விரல் நுழைகிறதா, எந்தப் பக்கம் மெல்கிறீர்கள், கைனியை எங்கே ஒதுக்குகிறீர்கள் என்று கேட்டால் விடையிலேயே பாதி நோய் தெரிந்துவிடும்.

புகையிலையை விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண் 2016 முதல் இருக்கிறது. இந்தியோடு வேறு பல இந்திய மொழிகளிலும் ஆலோசனை கிடைக்கும். அந்த எண்ணைத் தமிழில் மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டினால் யாருக்குப் பயன்?

மிச்சமிருப்பது ரயில். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் பீகாரிகளுக்கு சத் பூஜை. அதற்கு முன்னால் ரூம்கள் காலியாகும். தற்காலிக அடைப்போடு பாதியில் நிற்கும் ரூட் கெனால்களும் அதே ரயிலில் ஊருக்குப் போகும். திரும்பி வரும்போது கம்பெனி மாறியிருக்கும். சில சமயம் ஊரே மாறி, பையா திருப்பூரிலோ கோவையிலோ இருப்பார். எந்தப் பல்லில் என்ன செய்தோம் என்று அவருடைய மொழியிலேயே எழுதிய அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தனுப்பலாம். 2021-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க சுகாதார எண்ணில் அதையே ஏற்றியும் வைக்கலாம். முகாமைப் புரட்டாசியிலேயே வைத்துவிட்டால் ரயிலேறுவதற்குள் வைத்தியத்தை முடிக்க அவகாசம் கிடைக்கும். அரியூருக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் இது ஒரு காலண்டர் மாற்றம்தான்.